பசித்த கடல்: வட பசிபிக் வெப்ப அலையின் உணவுக் கணக்கு

2016 ஜனவரி முதல் வாரத்தில், அலாஸ்காவின் விட்டியர் என்ற சிற்றூருக்கு அருகிலுள்ள ஒரே ஒரு கடற்கரையில் ஏறத்தாழ 8,000 பறவைகள் இறந்து ஒதுங்கிக் கிடந்தன. கரிய முதுகும் வெண்ணிற வயிறும் கொண்ட அவை 'காமன் மர்' என்னும் கடற்பறவைகள். வட பசிபிக்கில் பெருங்கூட்டமாக வாழும் இப்பறவைகள், சிறு மீன்களைத் துரத்திக்கொண்டு 200 மீட்டர் ஆழம் வரை மூழ்கக்கூடிய வல்லமை பெற்றவை. அவற்றின் உடலங்களை அறுத்துப் பார்த்த ஆய்வாளர்களுக்கு எண்ணெய்க் கசிவின் தடயமோ, இத்தனை சாவுகளையும் விளக்கக்கூடிய கொள்ளைநோயோ தென்படவில்லை. உடலில் கொழுப்பு இல்லை, மார்புத் தசை கரைந்திருந்தது, இரைப்பை வெறுமையாக இருந்தது. அவை பட்டினியால் இறந்திருந்தன.

கடல் வெப்பமடைவதைப் பற்றிப் பேசும்போது, தாங்க முடியாத சூட்டில் உயிரினங்கள் நேரடியாக மடிவதாகவே பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். அப்படி நிகழ்வதும் உண்டு. ஆனால் 2014 முதல் 2016 வரை வட பசிபிக்கைப் பிடித்திருந்த வெப்ப அலையைப் படிப்படியாகப் பின்தொடர்ந்தால், வேறொரு வழிமுறை புலப்படுகிறது. ஓரிரு டிகிரி கூடுதலான வெப்பம் குளிர்க்கடல் உயிரினங்களில் மிகச் சிலவற்றையே நேரடியாகக் கொன்றது. எஞ்சியவற்றின் உடலுக்குத் தேவையான உணவின் அளவை அது கூட்டியது. அதே வேளையில், அந்த உணவில் இருந்த சத்தைக் குறைத்தது. வரவும் செலவும் ஒருசேரக் கெட்டுப்போன ஒரு கணக்கு, நுண்ணிய மிதவை உயிரிகளிலிருந்து திமிங்கிலம் வரை ஏறிச் சென்றது. வெப்பமடையும் கடலைப் புரிந்துகொள்ள இந்தக் கணக்கைவிடத் தெளிவான பாடம் வேறில்லை என்பது என் கருத்து.

வெப்பம் எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 2013–14 குளிர்காலத்தில் அலாஸ்கா வளைகுடாவுக்குத் தெற்கே ஓர் உயர் காற்றழுத்த மண்டலம் நகராமல் நிலைகொண்டது. வழக்கமாக அந்தப் பருவத்தில் அப்பகுதியில் அடுத்தடுத்துப் புயல்கள் வீசும். அப்புயற்காற்று கடல் மேற்பரப்பின் வெப்பத்தை வளிமண்டலத்துக்கு இழுத்துச் செல்வதோடு, நீரைக் கலக்கிக் கீழிருக்கும் குளிர்ந்த நீரை மேலே கொண்டுவரும். அந்த ஆண்டு காற்று வலுவிழந்ததால் கடல், குளிர்காலத்தில் இழக்க வேண்டிய வெப்பத்தை இழக்கவில்லை. 2014 பிப்ரவரியில் வளைகுடாவின் சில பகுதிகளில் மேற்பரப்பு நீர் வழக்கமான சராசரியைவிட 2.5 டிகிரி செல்சியசுக்கும் மேலாக வெதுவெதுப்பாக இருந்தது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் அந்த வெந்நீர்த் திட்டு சுமார் 1,600 கிலோமீட்டர் அகலமும் 90 மீட்டர் ஆழமும் கொண்டிருந்தது. வாஷிங்டன் மாநிலத்தின் அப்போதைய காலநிலையியலாளர் நிக் பாண்ட் அதற்கு இட்ட 'ப்ளாப்' என்ற பெயரே இன்றுவரை நிலைத்துவிட்டது. 2014 இலையுதிர் காலத்தில் அது ஒரிகன் கரையைத் தொட்டது. 2015–16இன் வலுவான எல் நினோ அதனோடு சேர்ந்துகொள்ள, மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாவிலிருந்து அலாஸ்கா வரையிலான கரையோரக் கடல் முழுவதும் இயல்புக்கு மீறிய வெப்பத்தில் இருந்தது.

ஓரிடத்தின் கடல் வெப்பநிலை, அதே நாளுக்குரிய முப்பது ஆண்டுப் பதிவுகளில் மிக உயர்ந்த பத்து விழுக்காட்டு எல்லையைத் தாண்டி, குறைந்தது ஐந்து நாட்கள் நீடித்தால் அதைக் கடல் வெப்ப அலை என்று அறிவியலாளர்கள் வரையறுக்கிறார்கள். ஐந்து நாட்களே போதும் என்ற அளவுகோலில், வட பசிபிக்கின் நிகழ்வு ஆண்டுக்கணக்கில் நீண்டது.

காற்றோடு ஒப்பிடுகையில், நீரில் இரண்டு டிகிரி என்பது மிகப் பெரிய மாற்றம். காலையிலும் மாலையிலும் பத்து டிகிரி வேறுபடும் காற்றில் வாழ்ந்து பழகிய நமக்கு இது எளிதில் உறைப்பதில்லை. ஆழ்ந்த நீர்நிலைகளில் ஆண்டு முழுவதும் வெப்பநிலை சில டிகிரிக்குள்ளேயே ஏறி இறங்குவதால், அங்குள்ள மீன்களும் முட்டைகளும் அந்தக் குறுகிய எல்லைக்கு ஏற்பவே உருவாகியிருக்கின்றன. இதற்கும் மேலாக, வெதுவெதுப்பான நீர் அடர்த்தி குறைந்தது என்பதால் அது மேலேயே மிதந்து நிற்கிறது. மேல் அடுக்குக்கும் கீழ் அடுக்குக்கும் இடையிலான அடர்த்தி வேறுபாடு கூடக் கூட, இரண்டையும் கலப்பதற்குக் காற்று செலவிட வேண்டிய ஆற்றலும் கூடுகிறது. வெளிச்சம் மேலே இருக்கிறது. நைட்ரேட் முதலிய சத்துகள் கீழே, குளிர்ந்த நீரில் இருக்கின்றன. இவ்விரண்டும் சந்தித்தால்தான் நுண்பாசிகள் தழைக்கும். அடுக்குகள் கலக்க மறுக்கும்போது கடலின் அடிப்படை விளைச்சலே மெலிகிறது. ஆக்சிஜன் கீழே இறங்குவதற்கும் இதுவே தடை. 1960ஐ ஒட்டிய காலத்திலிருந்து உலகக் கடல்களில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் சுமார் 2 விழுக்காடு குறைந்துவிட்டதற்கு, வெந்நீர் குறைவான வாயுவையே தன்னுள் கரைத்து வைக்க முடியும் என்பதோடு, இந்தக் கலப்புக் குறைவும் ஒரு காரணம்.

பசியின் முதல் அடையாளம் அரிசிமணியைவிடச் சிறிய ஓர் உயிரினத்தில் தெரிந்தது. துடுப்புக்காலிகள் எனப்படும் கோப்பிபாடுகள், நுண்பாசிகளைத் தின்று சிறு மீன்களுக்கு உணவாகும் மிதவை உயிரிகள். ஒரிகனின் நியூபோர்ட் நகருக்கு நேர் எதிரே கடலில் ஒரு கோட்டை வகுத்துக்கொண்டு, 1996 முதல் ஏறத்தாழ இரு வாரங்களுக்கு ஒருமுறை ஆய்வாளர்கள் நீரை அள்ளி அவற்றை எண்ணி வருகிறார்கள். இப்படிச் சலிக்காமல் செய்யப்படும் எளிய பணிதான் பின்னால் பெரிய கேள்விகளுக்கு விடை தருகிறது என்பதால் இதைக் குறிப்பிட்டுச் சொல்கிறேன். வடக்கிலிருந்து வரும் குளிர்ந்த நீரில் வாழும் கோப்பிபாடுகள் நீண்ட குளிர்காலத்தைத் தாண்டுவதற்காக உடலில் கொழுப்பைச் சேர்த்து வைப்பவை. தெற்கிலும் நடுக்கடலிலும் உள்ள வெதுவெதுப்பான நீரின் இனங்களுக்கு அத்தகைய தேவை இல்லை. அவை சிறியவை, கொழுப்பற்றவை. 2014 இலையுதிர் காலத்துக்குப் பின் நியூபோர்ட் கோட்டில் வடக்கு இனங்கள் அருகி, தெற்கு இனங்கள் நிரம்பின. கோப்பிபாடுகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் கடலில் உணவு இருப்பதாகவே தோன்றியிருக்கும். அதைத் தின்ற மீனுக்குக் கிடைத்ததோ உமி கலந்த கூலி.

அந்தச் சிறு மீன்களின் நிலையை அலாஸ்காவின் பிரின்ஸ் வில்லியம் சவுண்ட் பகுதியிலிருந்து கிடைத்த ஓர் அளவீடு துல்லியமாகக் காட்டுகிறது. சாண்ட் லான்ஸ் என்பது விரல் நீளமே உள்ள, மணலில் புதைந்து வாழும் ஒரு மீன். பறவைகள், காட் மீன், சால்மன் மீன், திமிங்கிலம் என எல்லாமே அதைத் தின்கின்றன. வெப்ப அலைக்கு முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட, 2016இல் பிடிபட்ட ஒரு வயது சாண்ட் லான்ஸ் ஒன்றின் உடலில் இருந்த மொத்த ஆற்றல் 89 விழுக்காடு குறைந்திருந்தது. மீன் குட்டையாகவும் மெலிந்தும் போனதன் கூட்டு விளைவு இது. அதுவரை ஒரு மீனில் கிடைத்த ஆற்றலைப் பெற ஒரு பறவை இப்போது ஏறத்தாழ ஒன்பது மீன்களைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மூழ்க வேண்டும். மூழ்குவதற்கும் ஆற்றல் செலவாகும். கேப்பலின் என்ற இன்னொரு சத்துள்ள இரைமீனும் அதே ஆண்டுகளில் அலாஸ்கா வளைகுடாவில் வெகுவாக அருகிப்போனது.

வரவு இப்படிச் சுருங்கிய வேளையில் செலவு ஏறியது. மீனின் உடல் வெப்பம் அதைச் சுற்றியுள்ள நீரின் வெப்பத்தோடு ஏறி இறங்குவது. குளிர்ந்த நீரில் அதன் உடலியக்கம் மெதுவாக நடக்கும். நீர் வெதுவெதுப்பானால், அது சும்மா மிதந்துகொண்டிருந்தாலும் உடல் எரிக்கும் ஆற்றல் கூடிவிடும். பொதுவாக 10 டிகிரி உயர்வுக்கு இத்தேவை இரு மடங்கு முதல் மும்மடங்கு வரை ஏறுகிறது; இரண்டு மூன்று டிகிரியிலேயே குறிப்பிடத்தக்க அளவு கூடிவிடுகிறது. ஒரு தனி மீனுக்கு இது சிறு சுமையாக இருக்கலாம். ஆனால் வளைகுடா முழுவதிலும் உள்ள காட், பொல்லாக், ஹாலிபட் போன்ற பெரிய இரைகொல்லி மீன்கள் அனைத்துக்கும் ஒரே நேரத்தில் பசி கூடினால், அவை கடலிலிருந்து எடுத்துக்கொள்ளும் இரைமீன்களின் மொத்த அளவு மிகப் பெரிதாகிறது. காமன் மர் பறவைக்கு இந்த மீன்கள் போட்டியாளர்கள். கீழிருந்து வரும் உணவு குறைய, பக்கத்திலிருக்கும் போட்டி கூட, இரண்டுக்கும் நடுவே பறவை நசுங்கியது என்பதே, இச்சாவுகளை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வு தந்த விளக்கம். ஒரு கிலோ எடையுள்ள மர், ஒரு நாளைக்குத் தன் எடையில் பாதிக்கும் மேல் மீன் உண்ண வேண்டும். மூன்று முதல் ஐந்து நாட்கள் இரை கிடைக்காவிட்டால் அது இறந்துவிடும்.

2015 கோடை முதல் 2016 வசந்தம் வரை கலிபோர்னியாவிலிருந்து அலாஸ்கா வரையிலான கரைகளில் சுமார் 62,000 மர்கள் இறந்தோ சாகும் நிலையிலோ கண்டெடுக்கப்பட்டன. கரைக்கு வந்து சேர்வது இறப்பவற்றில் சிறு பகுதியே என்பதால், இறந்தவை பத்து லட்சம் வரை இருக்கலாம் என்று முதலில் மதிப்பிடப்பட்டது. அந்த மதிப்பீடு குறைவானது என்பது பின்னரே தெரிந்தது. அலாஸ்காவின் கூடுகட்டும் பாறைத் தீவுகளில் வெப்ப அலைக்கு முன்னும் பின்னும் நீண்ட காலம் எடுக்கப்பட்ட எண்ணிக்கைகளை ஒப்பிட்டு 2024இல் வெளியான ஆய்வு, ஏறத்தாழ 40 லட்சம் மர்கள், அதாவது அலாஸ்காவில் வாழ்ந்தவற்றில் பாதி, மறைந்துவிட்டதாகக் காட்டியது. அண்மைக் காலத்தில் பதிவான காட்டுப் பறவைச் சாவுகளில் ஓரினத்துக்கு நேர்ந்த மிகப் பெரிய இழப்பு இது. இந்த எண்ணிக்கையைவிட என்னைக் கூடுதலாக உறுத்துவது அதன் அடுத்த முடிவு: வெப்ப அலை ஓய்ந்து ஏழெட்டு ஆண்டுகள் கடந்தும் அப்பறவைகள் மீண்டெழுவதற்கான அறிகுறி இல்லை. மர் ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை இடும் பறவை. அடர்ந்த கூட்டமாக அமர்ந்து முட்டைகளைக் கழுகுகளிடமிருந்தும் கடற்காகங்களிடமிருந்தும் காப்பது அதன் வழக்கம். கூட்டம் மெலிந்துவிட்டால் அந்தக் காப்பும் மெலிகிறது.

காட் மீனின் கதை, பறவைகளைப் பற்றிக் கவலைப்படாதவர்களையும் உலுக்கியது. அலாஸ்கா வளைகுடாவின் பசிபிக் காட், கரையோர ஊர்களின் குளிர்கால வருமானம். 2015 கணக்கெடுப்பில் ஓரளவு நல்ல நிலையில் இருந்த அதன் இருப்பு, 2017 கணக்கெடுப்பில் 70 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்திருந்தது. இவ்வளவு பெரிய சரிவை முதலில் அளவீட்டுப் பிழை என்றே ஆய்வாளர்கள் ஐயுற்றுத் தரவுகளை மீண்டும் மீண்டும் சரிபார்த்தார்கள். 2018க்கான பிடிப்பு அளவு 80 விழுக்காடு குறைக்கப்பட்டது. 2020இல் வளைகுடாவின் கூட்டாட்சிக் கடற்பரப்பில் காட் பிடிப்பு முழுவதுமாக மூடப்பட்டது. மிகை மீன்பிடிப்பு இந்தச் சரிவுக்குக் காரணமாகக் காட்டப்படவில்லை. மூன்று குளிர்காலங்கள் வெப்பம் ஆழம் வரை இறங்கி நின்றதால், பெரிய மீன்கள் தம் கூடுதல் பசிக்கு இரை கிடைக்காமல் மெலிந்து இறந்தன. அடுத்த தலைமுறையும் தடைபட்டது. கடலடியில் இடப்படும் காட் முட்டைகள் 3 முதல் 6 டிகிரி வரையிலான நீரில்தான் நன்கு பொரிக்கும். அந்த எல்லையைத் தாண்டினால் பொரிக்கும் விகிதம் செங்குத்தாக விழும். வளர்ந்த மீனின் பசியும் முட்டையின் ஒவ்வாமையும் ஒரே ஆண்டுகளில் வந்து சேர்ந்ததால்தான் சரிவு இவ்வளவு ஆழமாக இருந்தது.

இதற்கிடையே தெற்கில் வேறொரு வகையான பாதிப்பு பரவியது. 2015 வசந்தத்தில், சூடோநிட்ஷியா என்ற டயட்டம் வகை நுண்பாசி, கலிபோர்னியாவிலிருந்து அலாஸ்கா வரை பெருகியது. மேற்குக் கரையில் அதுவரை பதிவான நச்சுப் பாசிப் பெருக்கங்களில் அதுவே மிகப் பெரியது. இப்பாசி உண்டாக்கும் டொமோயிக் அமிலம் நரம்பைத் தாக்கும் நஞ்சு. நெத்திலி, சிப்பி, நண்டு ஆகியவற்றின் உடலில் அது சேர்ந்துகொண்டே போகும். இதனால் நவம்பரில் திறக்க வேண்டிய கலிபோர்னியாவின் டஞ்சனஸ் நண்டுப் பருவம் 2016 மார்ச் இறுதி வரை தள்ளிப்போனது. நண்டு பிடிப்பவர்களின் பொருளிழப்பு ஒருபுறம் இருக்க, இந்தத் தாமதம் யாரும் எதிர்பாராத ஓர் இடத்தில் போய் முட்டியது. கரையோரத்தில் மட்டும் குளிர்ந்த அடிநீர் மேலேறிக்கொண்டிருந்ததால், நெத்திலிக் கூட்டங்கள் அந்த ஒடுங்கிய நீர்ப்பட்டையில் திரண்டிருந்தன; நடுக்கடலில் கிரில் என்ற இறால் போன்ற சிற்றுயிர் கிடைக்காத ஹம்ப்பேக் திமிங்கிலங்கள் அவற்றைத் தேடிக் கரையை நெருங்கின. வசந்தகால வலசையில் அவை வந்து சேர்ந்த அதே வாரங்களில்தான், தாமதமாகத் திறந்த பருவத்தின் ஆயிரக்கணக்கான நண்டுக் கூடுகளும் அவற்றின் கயிறுகளும் நீரில் இறங்கின. அதற்கு முன் ஆண்டுக்குப் பத்துக்கும் குறைவாக இருந்த, மீன்பிடிக் கயிறுகளில் திமிங்கிலங்கள் சிக்கிக்கொள்ளும் நிகழ்வுகள், 2015இலும் 2016இலும் ஆண்டுக்கு ஐம்பதைத் தொட்டன. பாசியின் நஞ்சு, நண்டுச் சந்தை, நெத்திலியின் இடப்பெயர்ச்சி, திமிங்கிலத்தின் வலசை என்ற நான்கும் ஒரு கயிற்றில் வந்து முடிந்தன. சூழலியலைத் தனித்தனி உயிரினங்களின் பட்டியலாகப் பார்க்கும் எந்த நிர்வாகமும் இதை முன்கூட்டிக் கண்டிருக்க முடியாது.

வட பசிபிக் ஹம்ப்பேக்குகளின் மொத்த எண்ணிக்கையையும் பசி தொட்டது. திமிங்கில வேட்டை நிறுத்தப்பட்ட பிறகு பல்லாண்டுகளாகப் பெருகி 2012இல் 33,000ஐ எட்டிய அவை, 2021இல் 26,600 ஆகக் குறைந்திருந்தன. வால் துடுப்பின் அடிப்பக்கக் குறிகளைக் கொண்டு ஒவ்வொரு திமிங்கிலத்தையும் தனித்து அடையாளம் காணும் ஒளிப்படத் தொகுப்பிலிருந்து கிடைத்த கணக்கு இது.

வடக்குக் கலிபோர்னியாவின் கெல்ப் காடுகள் இழந்ததை விளக்க, வெப்பத்தோடு நோயையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 'புல் கெல்ப்' (bull kelp) என்பது பாறையில் வேர்போன்ற பற்றுறுப்பால் பிடித்துக்கொண்டு, ஒரே ஆண்டில் கடலடியிலிருந்து மேற்பரப்பு வரை வளர்ந்துவிடும் பழுப்புப் பாசி. அதற்கு நைட்ரேட் மிகுந்த குளிர்நீர் தேவை. அதைத் தின்பது ஊதா நிறக் கடல் முள்ளெலி என்னும், முட்கள் போர்த்த ஓடுடைய சிற்றுயிர். முள்ளெலியைத் தின்று கட்டுப்படுத்துவது, இருபதுக்கும் மேற்பட்ட கைகளோடு ஒரு மீட்டர் விட்டம் வரை வளரும் சூரியகாந்தி நட்சத்திர மீன். 2013இலேயே, அதாவது வெந்நீர் கரையைத் தொடுவதற்கு முன்பே, நட்சத்திர மீன்கள் ஒருவகை நோயால் உடல் கரைந்து சாகத் தொடங்கியிருந்தன. வெப்பம் கூடிய இடங்களில் அந்நோய் மேலும் கடுமையாகத் தாக்கியது. சூரியகாந்தி நட்சத்திர மீன்களில் 90 விழுக்காட்டுக்கும் மேல், ஐந்நூறு கோடிக்கும் அதிகமானவை, மடிந்தன. 2020இல் அந்த இனம் அழிவின் விளிம்பில் உள்ளதாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தால் அறிவிக்கப்பட்டது. விப்ரியோ பெக்டெனிசிடா என்ற பாக்டீரியாவே நோய்க்குக் காரணம் என்பது 2025இல்தான் உறுதியானது. காலராவை உண்டாக்கும் பாக்டீரியாவும் இதே விப்ரியோ பேரினத்தைச் சேர்ந்ததுதான். இப்பேரினத்தில் பலவும் வெதுவெதுப்பான நீரில் பெருகுபவை.

காவலாள் போன பிறகு முள்ளெலிகள் சில இடங்களில் அறுபது மடங்கு பெருகின. ஏற்கெனவே சத்துக் குறைந்த வெந்நீரில் வளர்ச்சி குன்றியிருந்த கெல்ப்பை அவை அடியோடு மேய்ந்து முடித்தன. ஏறத்தாழ 350 கிலோமீட்டர் கரை நெடுகிலும் 90 விழுக்காட்டுக்கும் மேலான கெல்ப் காடு அழிந்தது. அதை நம்பியிருந்த சிவப்பு அபலோனி என்னும் பெரிய நத்தை வகை பட்டினியில் மடிய, அதைப் பிடிப்பது 2018இல் தடைசெய்யப்பட்டது. நீர் மீண்டும் குளிர்ந்த பின்னும் காடு திரும்பாததற்கும் பசியோடு தொடர்பு உண்டு. உணவே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் உயிர் பிழைத்திருக்கக்கூடிய உடலமைப்பு முள்ளெலிக்கு இருக்கிறது. உடலியக்கத்தை ஒடுக்கிக்கொண்டு வெற்றுப் பாறையில் காத்திருந்து, முளைவிடும் ஒவ்வொரு கெல்ப் குருத்தையும் அது தின்றுவிடுகிறது. மத்தியக் கலிபோர்னியாவில் முள்ளெலியை உண்ணும் கடல் நீர்நாய்கள் உள்ளன. ஆனால் பட்டினி கிடக்கும் முள்ளெலியின் ஓட்டுக்குள் சதை இல்லாததால் அவை அவற்றைத் தொடுவதில்லை. கெல்ப் எஞ்சியிருக்கும் திட்டுகளில் உள்ள கொழுத்த முள்ளெலிகளையே நாடுகின்றன. இதனால் மிஞ்சிய காட்டுத் திட்டுகள் காக்கப்படுகின்றன. அழிந்த இடங்களோ அழிந்தபடியே நீடிக்கின்றன. ஒரு தற்காலிக வெப்பம் நிரந்தர மாற்றமாக உறைந்துபோவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு நானறிந்தவரை இல்லை.

இவையெல்லாம் ஒரு விபத்தின் தொடர் விளைவுகள் என்று ஒதுக்கிவிட முடியாதபடி, வடக்கே பெரிங் கடலில் அதே கணக்கு இன்னொருமுறை நிகழ்ந்தது. 2018, 2019 ஆண்டுகளில் பெரிங் கடலில் குளிர்காலப் பனிப்படலம் வெகுவாகச் சுருங்கியது. குளிர்காலப் பனியால் உண்டாகிக் கோடையிலும் நீடிக்கும் மிகக் குளிர்ந்த அடிநீர்ப் பரப்பே பனி நண்டுக் குஞ்சுகளின் வாழிடம். 0 டிகிரியிலிருந்து 3 டிகிரிக்கு நீர் உயர்ந்தாலே பனி நண்டின் ஆற்றல் தேவை ஏறத்தாழ இரு மடங்காகிறது என்பது ஆய்வகத்தில் அளக்கப்பட்டிருக்கிறது. வெப்பம் வந்த நேரத்தில் நண்டுகளின் எண்ணிக்கையும் வரலாறு காணாத உச்சத்தில் இருந்ததால் கடலடி உணவு அவற்றுக்குப் போதவில்லை. ஆயிரம் கோடிக்கும் மேற்பட்ட நண்டுகள் மறைந்தன. 2022இல் அலாஸ்காவின் பனி நண்டுப் பருவம் வரலாற்றில் முதன்முறையாக ரத்து செய்யப்பட்டது. இங்கும் வெப்பநிலை அந்த நண்டால் தாங்க முடியாத அளவுக்கு உயரவில்லை. தாங்க முடியாமல் போனது பசியைத்தான்.

வட பசிபிக்கில் காற்றழுத்தம் நிலைகொண்டது இயற்கையின் ஏற்ற இறக்கம் என்றும், அதை மனிதர் உண்டாக்கிய வெப்பமயமாதலோடு முடிச்சிடலாமா என்றும் ஒரு கேள்வி எழுவது நியாயமே. அந்தக் காற்றழுத்த மண்டலம் அந்த ஆண்டு அங்கே நின்றதற்கு இயற்கையான மாறுபாடு பெருமளவு காரணம். ஆனால் அது எந்தக் கடலின் மேல் நின்றது என்பதும் முக்கியம். பசுங்குடில் வாயுக்களால் புவியில் தங்கிவிட்ட கூடுதல் வெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேல் கடல்களே உறிஞ்சியிருக்கின்றன. அடிமட்டமே உயர்ந்துவிட்ட நிலையில், முன்பு சாதாரண ஏற்றமாகக் கடந்து போயிருக்கக்கூடிய ஒன்று இப்போது உயிரினங்களின் எல்லையைத் தாண்டிவிடுகிறது. 1980களிலிருந்து கடல் வெப்ப அலைகள் ஏறத்தாழ இரு மடங்காகியிருக்கின்றன. செயற்கைக்கோள் பதிவுக் காலத்தின் மிகப் பெரிய கடல் வெப்ப அலைகளை ஆராய்ந்து 2020இல் வெளியான கணக்கீடு, அத்தகையவை நிகழும் வாய்ப்பு மனிதச் செயல்களால் இருபது மடங்குக்கும் மேல் கூடியிருப்பதாகக் காட்டியது. 2019இல் வட பசிபிக்கில் மீண்டும் ஒரு பெரும் வெப்பத் திட்டு தோன்றியதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

குளிர்க்கடலின் இந்தக் கணக்கு வெப்பமண்டலக் கடல்களுக்குப் பொருந்தாது என்று தோன்றலாம். பவளம் வெளிறுவதைச் சற்று உற்றுப் பார்த்தால் அதுவும் உணவுப் பிரச்சினைதான் என்பது விளங்கும். பவளப் பூச்சியின் திசுவுக்குள் வாழும் நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கையால் உண்டாக்கும் உணவே பவளத்தின் ஆற்றலில் பெரும்பகுதி. வெப்பம் வரம்பு மீறும்போது பாசியின் ஒளிச்சேர்க்கை பழுதாகி நச்சுத்தன்மையுள்ள ஆக்சிஜன் வடிவங்கள் உருவாவதால், பவளம் அப்பாசிகளை வெளியேற்றிவிடுகிறது. வெளிறிய பவளம் உடனே இறந்த பவளம் அல்ல. அது உணவின்றி உயிரோடு இருக்கும் பவளம். சில வாரங்களுக்குள் நீர் குளிர்ந்தால் பாசிகள் திரும்பும்; இல்லையெனில் அது பட்டினியில் சாகும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளத் திட்டுகளில் 2016 கோடைக்கு முன் சுமார் 39 விழுக்காடாக இருந்த உயிர்ப் பவளப் பரப்பு, அந்த ஆண்டு வெளிறலுக்குப் பின் 23 விழுக்காடாகக் குறைந்தது. தூத்துக்குடியைச் சேர்ந்த கடல் ஆய்வாளர்கள் நீருக்கடியில் ஆண்டுதோறும் எடுத்த அளவீடுகளிலிருந்து கிடைத்தது இது. இந்தியப் பெருங்கடல் 1950 முதல் 2020 வரை நூற்றாண்டுக்கு ஏறத்தாழ 1.2 டிகிரி என்ற வேகத்தில் வெப்பமடைந்திருக்கிறது. அதன் மேற்குப் பகுதியில் ஆறு பத்தாண்டுகளில் நுண்பாசிகள் 20 விழுக்காடு வரை குறைந்துள்ளதாகப் புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் ஆய்வு கூறுகிறது. அதற்கு அது காட்டும் காரணமும் அடுக்குகள் கலக்காமல் போவதுதான். நம் கரைகளில் கோப்பிபாடுகளின் கொழுப்பையும் சாளை, நெத்திலிக் குஞ்சுகளின் உடல் ஆற்றலையும் நியூபோர்ட்டில் செய்வதுபோல் ஆண்டு முழுவதும் அளந்து வர வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். எண்ணிக்கை குறைவதற்கு முன்பே சத்து குறைகிறது. பிடிபட்ட மீனின் எடையை மட்டும் பதிவு செய்யும் துறைமுகக் கணக்கில் அது தெரியாது.

அமெரிக்க மேற்குக் கரையில் இந்த அனுபவத்துக்குப் பின் சில நடைமுறைகள் மாறியிருக்கின்றன. கலிபோர்னியாவில் 2020 முதல், திமிங்கிலங்கள் கரையருகே எத்தனை உள்ளன என்பதை வான்வழியாகவும் படகிலும் கணக்கிட்டே நண்டுப் பருவத்தைத் திறக்கவும் மூடவும் முடிவெடுக்கிறார்கள். கடல் வெப்ப அலைகளைப் பல மாதங்கள் முன்கூட்டியே கணிக்கும் உலகளாவிய முன்னறிவிப்புகள் 2022 முதல் கிடைக்கின்றன; அலாஸ்காவில் காட் பிடிப்பின் அளவை வரையறுப்போர் நீரின் வெப்பத்தையும் ஓர் அபாயமாகக் கணக்கில் சேர்க்கிறார்கள். வாஷிங்டன் மாநிலத்தின் ஃப்ரைடே ஹார்பர் ஆய்வகத்தில் சூரியகாந்தி நட்சத்திர மீன்கள் தொட்டிகளில் வளர்க்கப்படுகின்றன. இவற்றுள் எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுவது, அதிகம் பேசப்படாத ஒரு விதி: கலிபோர்னியா, ஒரிகன், வாஷிங்டன் கரைகளுக்கு அப்பால் சாண்ட் லான்ஸ் உள்ளிட்ட இரைமீன்களுக்குப் புதிதாக வணிகப் பிடிப்பு தொடங்குவது 2016இல் தடைசெய்யப்பட்டது. கிரில் பிடிப்பதற்கு அங்கே 2009 முதலே தடை உண்டு. பறவைக்கும் காட் மீனுக்கும் திமிங்கிலத்துக்கும் போய்ச் சேர வேண்டிய உணவில் மனிதர் புதிய பங்காளியாக நுழையாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. அந்த மீன்களின் எண்ணிக்கையைக் காக்க அவ்விதியால் இயலும். அவற்றின் உடலில் எவ்வளவு கொழுப்பு சேரும் என்பதை நீரின் வெப்பமே முடிவு செய்யும்.